டிராக் குரல்

— நிறுத்துங்க, நிறுத்துங்க. அண்ணே, மறுபடியும் அதே இடம். அண்ணி "கூட வா"ன்னு இழுத்து முடிச்ச கையோட உங்க குழல் உள்ள வரணும். நீங்க வண்டி போனப்புறம் கையக் காட்டறீங்க.

— தெரியுது அம்மாடி. இன்னொரு தரம் ஓட்டு.

— புல்லாங்குழல்னா ஒத்த டேக்குதான்னு எல்லா ஸ்டூடியோவிலயும் சொல்லுவாங்க. வந்தோமா, ஊதினோமா, செருப்ப மாட்டினோமான்னு போற ஆளு நீங்க. இன்னிக்கு என்ன, யானைக்கும் அடி சறுக்குதா?

— யானைக்கும் வயசாகும்ல. ஓட்டு.

— ஹெட்போன்ல சத்தம் சரியா கேக்குதா?

— நல்லாவே கேக்குது. அதான்...

— அதான் என்ன? மென்னு முழுங்காம சொல்லுங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு உங்க மூஞ்சிய வெச்சு நான் எதைக் கண்டுபிடிக்க?

— ஒண்ணுமில்ல, ஓட்டும்மா.

— ஒண்ணு பண்ணலாம். அண்ணி குரலை உங்க ஹெட்போன்லேர்ந்து எடுத்துடறேன். வெறும் தாளத்தைக் கேட்டு வாசிங்க.

— வேணாம்.

— உங்களுக்குத் தாளமே போதுமே அண்ணே. குரல் எதுக்கு...

— எடுக்காதேன்னு சொல்றேன்ல!

— கடவுளே! சரி, எடுக்கல. எதுக்கு இப்படிக் கத்தறீங்க? பொண்டாட்டி குரலை வீட்ல கேக்கறது பத்தாம இங்கயும் வேணுமாக்கும். அப்படித்தானே, அண்ணே?

— ம்.

— அண்ணிக்கு என் மேல ஏதாவது கோவமா? உண்மையச் சொல்லுங்க. இந்தப் பாட்டுக்கு டிராக் பாடிட்டுப் போனவங்கதான். அப்புறம் எத்தனை பாட்டுக்குக் கூப்பிட்டுட்டேன், போனை எடுக்கறதே இல்ல. உங்களைக் கேட்டா அக்கா வீட்டுக்குப் போயிருக்காங்கறீங்க. அப்படி என்ன அக்கா வீடு, திரும்பி வரவே வழியில்லாத வீடு?

— உன் மேல அவளுக்கு என்ன கோவம் வரப்போகுது?

— அன்னிக்கு இன்னொரு டேக் கேட்டாங்க. நான் குடுக்கல. அதுக்காகவோன்னு நெனச்சேன்.

— கேட்டாளா? என்கிட்ட சொல்லவே இல்லியே.

— வாயால எங்க கேட்டாங்க? மைக் முன்னாடி நின்னா பாட்டுக்கு மட்டும்தானே வாயத் திறப்பாங்க, மத்தபடி பேச்சே கிடையாது. பென்சிலால ஸ்டாண்டுல டொக்கு டொக்குன்னு தட்டுவாங்க. ஒரு தட்டுன்னா சரி. ரெண்டு தட்டுன்னா வேணாம். மூணு தட்டுன்னா இன்னொரு டேக். அன்னிக்கு மூணு தட்டினாங்க. இதே "கூட வா"வுல மூச்சு பத்தலையாம்.

— நீ என்ன சொன்ன?

— "டிராக்தானே அண்ணி, பெரிய பாடகி கேட்டுக் கத்துக்கறதுக்குப் போட்ட பாட்டு. அந்தம்மா வந்து பாடினதும் அழிச்சிடப் போறோம். இதை யாரு கேக்கப்போறா, வாங்க வெளிய"ன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் வந்தாங்க. பாட்டும் நல்லாத்தான் இருந்துச்சு, சத்தியமா.

— நல்லாத்தான் இருக்கு. "கூட வா"ல மட்டும்தான் மூச்சு திணறுது.

— அதைச் சொல்லித்தான் கோவிச்சுக்கிட்டாங்களா?

— கோவமும் இல்ல, அக்கா வீடும் இல்ல. வீட்லதான் இருக்கா. போன்ல பேச முடியாதும்மா அவளால.

— ஏன், என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?

— குரல் கம்முது, கம்முதுன்னு வெந்நீரா குடிச்சுக்கிட்டிருந்தா. பாட்டுக்காரிக்கு வர்ற கம்மல்தானேன்னு நானும் இருந்துட்டேன். உள்ள கட்டி. குரலை வெச்சுக்கிட்டா ஆளு தங்காதுன்னுட்டாங்க. குரல்பெட்டியையே எடுத்தாச்சு.

— எடுத்தாச்சுன்னா... கொஞ்ச நாள்ல திரும்ப...

— எங்கேர்ந்து திரும்ப வரும்? கழுத்துல ஓட்டை போட்டு வெச்சிருக்காங்க, அது வழியாத்தான் மூச்சு. வாய்லேர்ந்து ஒரு "உம்" கூட வராது இனிமே.

— ஐயோ அண்ணே.

— ஆளு நல்லா இருக்கா, பயப்படாதே. சமைக்கறா, துணி மடிக்கறா. நேத்து என்னோட சண்டை கூட போட்டா.

— சண்டையா? எப்படி?

— பாத்திரத்தாலதான். டம்ளரை வெச்ச வெப்புல தெரிஞ்சுபோச்சு யாரு ஜெயிச்சதுன்னு.

— என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் பாட்டுக்கு அக்கா வீடு, ஆட்டுக்குட்டின்னு கிண்டல் பண்ணிக்கிட்டு...

— அவதான் வேணாம்னா. எல்லாரும் பாக்க வருவாங்க, எப்படி இருக்கேன்னு கேப்பாங்க, நான் எதால பதில் சொல்றதுன்னு சிலேட்டுல எழுதிக் காட்டினா. வாயுள்ள புள்ள பொழைக்கும்னு நம்ம கூச்ச சுபாவத்துப் பசங்களைப் பூரா திட்டித் திட்டி மேடையேத்தினவ அவ.

— என்னையும்தான்.

— உன்னையும்தான். இப்ப பாரு.

— அண்ணே, அப்ப இந்த டிராக்...

— இதுதான் கடைசி. இதுக்கு மேல அவ பாடல.

— வீட்ல அவங்க பாடினது ஒண்ணுமே இல்லையா?

— பாடினதெல்லாம் பெரிய பாடகிகளுக்குப் பாடிக் காட்டினது. எல்லாம் அழிஞ்சுபோச்சு. டிராக் பாடறவ கறிவேப்பிலை, வாசம் வந்ததும் தூக்கிப் போட்டுடுவாங்கன்னு அவளே சொல்லிச் சிரிப்பா. நானாவது ஒண்ணு பதிஞ்சு வெச்சிருக்கணும். குழல்காரன் வீட்ல பாட்டுக்கா பஞ்சம்னு இருந்துட்டேன். அடுப்படியில பாடுவா, துணி காயப்போடறப்ப பாடுவா. தினம் கேக்கறதை யாரும்மா பதிவா?

— ...அதான் ஹெட்போன்லேர்ந்து எடுக்காதேன்னு கத்தினீங்களா?

— சாப்பாட்டுக்கு அப்புறம் பெரிய பாடகி வந்துடுவாங்க. அவங்க பாடி ஓகே ஆனதும் நீ இதை அழிப்ப. அதுதானே வழக்கம்?

— வழக்கம் அதுதான். அப்ப வேணும்னேதான் தப்பா வாசிச்சீங்களா அண்ணே?

— முதல் தரம் நெஜமாவே தப்பும்மா. அவ மூச்சு திணறின இடத்துல எனக்கும் ஊத வரல. நீ திரும்ப ஓட்டின. அவ மறுபடியும் வந்து முதல் வரியிலேர்ந்து பாடினா. அப்பத்தான் தோணிச்சு, நான் தப்பு பண்ணப் பண்ண இவ வந்துக்கிட்டே இருப்பான்னு.

— நான் அழிக்கல. சத்தியமா அழிக்கல. ஒரு காப்பி போட்டுத் தரேன், வீட்டுக்குக் கொண்டு போங்க.

— டிராக் குரல் வாசல் தாண்டக் கூடாதுன்னு உங்க முதலாளி சொல்லுவாரே. உன் வேலைக்கு வினையா வந்து சேரும்.

— அது என் பாடு. நீங்க கொண்டு போங்க.

— அவளைக் கேக்காம எப்படி? அவ குரலு. நான் வீட்ல குழலை எடுத்தாலே கதவைச் சாத்திக்கறா. இதைக் கொண்டுபோய் வெச்சா மருந்தாகுமோ, புண்ணைக் கீறினதாகுமோ, எனக்குப் புரியல. எனக்கு வேணும். அவளுக்கு வேணுமான்னு தெரியலையே.

— அப்ப கேட்டுடுவோம். போன் பண்ணா எடுப்பாங்களா?

— எனக்கு மட்டும் எடுப்பா. நகத்தால போன்லயே தட்டுவா. பென்சில் கணக்குதான் வீட்லயும்.

— குழலை வெச்சுட்டு இந்தப் பக்கம் வாங்க. இப்படி உக்காருங்க, போனை ஸ்பீக்கர்ல போட்டு இங்க வைங்க. மணி அடிக்குதா?

— எடுத்துட்டா. நான்தான்டி. ஸ்டூடியோவுல இருக்கேன். நம்ம ரெக்கார்டிங் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், திட்டாதே. பேசறாளாம், பேசட்டுமா?

— ஒரு தட்டு! சரின்னுட்டாங்க. அண்ணி... அண்ணி, அழாம பேசணும்னு நெனச்சேன், முடியல. நீங்க பாடின டிராக் என்கிட்ட இருக்கு. இப்ப போடறேன், கேளுங்க. உங்களுக்கு வேணும்னா அண்ணன்கிட்ட குடுத்தனுப்பறேன், ஒரு தட்டுத் தட்டுங்க. வேணாம்னா ரெண்டு தட்டு, இப்பவே அழிச்சிடறேன். நீங்க சொல்றதுதான்.

— போடும்மா.

— போட்டுட்டேன். கண்ணத் தொடச்சுக்கோங்க அண்ணே.

— நீ முதல்ல தொடச்சுக்கோ.

— அந்த இடம் வருது.

— ம்.

— முடிஞ்சுது. அண்ணி? கேட்டீங்களா? அண்ணே, சத்தத்தையே காணோமே, லைன் போயிடுச்சா?

— போகல. மூச்சு கேக்குது பாரு. அது அவதான்.

— குடுத்தனுப்பட்டுமா அண்ணி? இல்ல, அழிக்கட்டுமா?

— அவசரப்படுத்தாதே.

— தட்டறாங்க! ஒண்ணு! வேணுங்கறாங்க அண்ணே!

— இரு.

— ரெண்டு... ஐயோ, வேணாமா? அழிக்கச் சொல்றாங்களா?

— இரும்மா. இன்னும் முடிக்கல அவ.

— அண்ணே... மூணா தட்டினாங்க?

— மூணுதான். "கூட வா" சரியா வரலையாம். இன்னொரு டேக் பாடறேங்கறா.