மண்ணைக் கிளறினால் வரும் பறவை

பையைத் திறந்து காட்டச் சொன்னால் பெரும்பாலானவர்கள் சிரிப்பார்கள். பறவை பார்க்க வந்தவன் பைக்குள் எலியா வைத்திருக்கப் போகிறேன் என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே கைவிட்டுத் துழாவுவேன். எங்கள் சரணாலயத்தில் முதல் கதவு சாத்திய பிறகுதான் இரண்டாம் கதவு திறக்கும். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன அறையில் நின்றுதான் மனிதர்களின் வாடையை நான் முழுசாக அறிந்தேன். வெயில் களிம்பு, ஈரக் காலுறை, பாதி தின்று மடித்து வைத்த வாழைப்பழம். வீட்டுக்குப் போனதும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவேன். எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது என்பதை நீங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். கோபம் வேறு, அருவருப்பு வேறு.

வெளிப் பிராணிகள் நுழையாதபடி சரணாலயத்தைச் சுற்றிப் போட்ட வேலிக்குக் குழி தோண்டியவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன் மலைப்பக்கம் பொறி வைத்துப் பாஸம் என்கிற, பூனை அளவுள்ள மரமேறிப் பிராணியைப் பிடித்துத் தோலை விற்றுக்கொண்டிருந்தேன். வேலி எழும்பியதும் உள்ளே இருந்த எலி, பூனை, ஸ்டோட் எல்லாவற்றையும் ஒழித்துக் கொடுத்தேன். ஸ்டோட் என்றால் கீரியைவிட மெலிந்த, வால் நுனி கறுத்த பிராணி. எங்கள் நாட்டுப் பறவைகளைத் தின்று தீர்த்தது அதுதான். காடு சுத்தமான பிறகு இந்த மண்ணின் பூர்வகுடிகளான மெரேயின் குலத்தார் ஒரு தீவிலிருந்து ராபின் என்கிற சின்னப் பறவைகளைக் கொண்டுவந்தார்கள். பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, வேனில் வழி நெடுகத் தணிந்த குரலில் பாடிக்கொண்டே வந்தார்கள். மெரேதான் சரணாலயத்தைப் பார்த்துக்கொள்பவள். என்னைவிட இருபது வயதாவது இளையவள். என்னை வேலிக்காரரே என்றுதான் கூப்பிடுவாள். நல்ல பெண். அவளைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்ல மாட்டேன்.

தீவிலிருந்து வந்த பறவைகள் பரவாயில்லை. ஆளைக் கண்டால் கிளைக்குப் போய் உட்கார்ந்து யோசிக்கும். வேலிக்குள்ளேயே பொரித்த குஞ்சுகள்தான் கெட்டுப்போயின. காலணியால் சருகைக் கிளறினால் போதும், புழுவுக்காகக் காலடியிலேயே வந்து நிற்கும். காலணிக் கயிற்றை இழுக்கும். போன கோடையில் சுற்றுலாக் கப்பலில் வந்த ஒரு கூட்டத்தை நான் உள்ளே அழைத்துப் போனேன். அதில் ஒருவன், உணவு கொடுக்கக் கூடாது என்று சொல்லியும், ரொட்டித் துணுக்கு ஒன்றைத் தன் கீழுதட்டில் ஒட்டவைத்துக்கொண்டு குந்தினான். ராபின் தாவி அவன் கையில் ஏறி, அந்த ஈரமான உதட்டிலிருந்து அதைக் கொத்தி எடுத்தது. எச்சில் நூலாக இழுபட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கு என்னால் மத்தியானம் சாப்பிட முடியவில்லை.

மெரேயிடம் போய்ச் சொன்னேன்.

"இதுங்களுக்குப் பயம்னா என்னன்னே தெரியல மெரே."

"அதுக்குத்தானே வேலிக்காரரே வேலி போட்டோம்? பொறாமையா இருந்தா நீங்களும் உதட்டுல ரொட்டிய ஒட்டிக்கிட்டு உக்காருங்க."

அவளுக்கு எதிலும் விளையாட்டு. அந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். பயம் இல்லாத பறவை பறவையா? இறக்கை முளைத்த பிச்சைக்காரன். வேலி நிரந்தரமில்லை. ஒரு மரம் சாய்ந்தால் போதும். அன்றைக்கு இவை எல்லாம் ஸ்டோட்டின் வாயருகே போய்ப் புழு கேட்கும். யாராவது இவற்றுக்குச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். செய்யக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று பட்டது.

பக்கத்துப் பண்ணை ஒன்றின் புதரில் கூண்டு வைத்து, உயிரோடு ஒரு ஸ்டோட்டைப் பிடித்தேன். முதுகுப்பையில் போட்டு உள்ளே கொண்டுபோனேன். என் பையை யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பவன் நான்தானே. ஓடைக்கரையில் பெரணிச் செடிகளுக்கடியில் திறந்துவிட்டேன். அதன் நாற்றம் பையை விட்டுப் போகவே இல்லை, பையை எரிக்க வேண்டியதாயிற்று.

நான் விரும்பியது கொஞ்சம் பயம், அவ்வளவுதான். ஆனால் மறுநாளே அது என் பொறியில் மாட்டிச் செத்துப்போனது. ஒரு பறவையைக்கூடத் தொட்டிருக்கவில்லை. நான் பொறியை நன்றாக வைப்பவன். அதை எடுத்துப் புதைத்துவிட்டு வந்தேன். அதற்குள், தடம் பதிவதற்காக மை தடவி வைத்திருக்கும் கூண்டில் அதன் கால்தடத்தை மெரே பார்த்துவிட்டாள். சரணாலயத்தை மூடினார்கள். ஊர் முழுக்கத் தேட வந்தது. மெரேயின் முகத்தில் பயம் அப்பிக்கிடந்தது. பறவைகள் முகத்தில் மட்டும் அது இல்லை.

இல்லாத ஸ்டோட்டைத் தேடும் பொறுப்பை எனக்கே கொடுத்தார்கள். காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் போவேன். ஓடைக்கரையில் நின்று காலால் சருகைக் கிளறுவேன். ராபின் வரும். குனிந்து எடுத்துவிடலாம். ஒரு கோழிமுட்டையின் கனம்கூட இருக்காது. கட்டைவிரலால் செய்கிற காரியம்தான். சத்தம் வராது.

மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று அதை அங்கேயே போடுவேன். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம். செத்தது பக்கத்தில் கிடக்க, அதன் ஜோடி இறங்கி வந்து, அதைத் தாண்டிக் குதித்து, என் காலடியில் புழுவைக் கொத்தியது. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன். இவ்வளவுக்குப் பிறகுமா என்று தோன்றியது. ஆகவே அதையும் எடுத்தேன்.

ஊர்க்காரர்கள் எனக்குச் சூப்பும் இறைச்சிப் பணியாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மெரேயின் குலத்து முதியவர் ஒருவர் அவர்கள் வழக்கப்படி என் மூக்கோடு மூக்கு வைத்து அழுதார். அவர் கண்ணீர் என் மேலுதட்டில் பட்டது. துடைத்துக்கொள்ள நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்தேன்.

மெரேதான் ஒருநாள் செத்த ராபின்களை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"கழுத்துல பல்லு பட்ட தடமே இல்லியே, நெவில்."

அன்றைக்கு அவள் வேலிக்காரரே என்று கூப்பிடவில்லை.

"சில ஸ்டோட் அப்படித்தான். விளையாட்டுக்குக் கொல்லும்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஓடைக்கரையில் யாருக்கும் சொல்லாமல் கேமரா கட்டியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஸ்டோட்டைப் பிடிக்கத்தான் கட்டினாள், என்னைச் சந்தேகித்து அல்ல. அதைப் பின்னால் அவளே சொன்னாள்.

அதற்குச் சில நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தாள். தேநீர் போட்டு வைத்தேன். அவள் தொடவில்லை.

"நீங்க மண்ணக் கிளறிட்டு நிக்கறதப் பாத்தேன். அது வந்துச்சு. உங்க கைய நம்பி வந்துச்சு."

"அதத்தான் மெரே நானும் சொல்றேன். நம்பி வரக்கூடாது."

 அவள் எழுந்து வாசலுக்குப் போய்ப் படியில் வாந்தி எடுத்தாள். தோளைத் தொடப் போனேன். "அந்தக் கையால என்னத் தொடாதீங்க," என்றாள். அவள் போன பிறகு குழாயைத் திறந்து படியைக் கழுவிவிட்டேன். பிறகு நீங்கள் விசாரிக்க வந்தீர்கள்.

ஏன் நிறுத்தினேன் என்று கேட்டீர்கள். வருத்தத்தாலா என்றும் கேட்டீர்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை. வேலை முடிந்தது, நிறுத்தினேன். கடைசியாகப் போன காலையில் ஓடைக்கரை முழுக்க நடந்து இடத்துக்கு இடம் சருகைக் கிளறினேன். புழுக்கள் நெளிந்தன. கையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஒன்றுகூட வரவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது.

அங்கே ஒன்றுமே மிச்சமில்லை, அதனால்தான் வரவில்லை என்கிறாள் மெரே. பாவம், துக்கத்தில் இருப்பவள் எதையாவது சொல்வாள். அவை மேலே கிளை மறைவில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டன.