சோணையம்மாளைக் கேட்டீர்களா?

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவர் சரண்யாதேவி அவர்களே, மேலூர் மண்ணின் பெரியோர்களே, வீட்டில் தனியே விட முடியாதவர்களைக் கையோடு அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் வாசலில் நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்!

காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. சர்க்கரையை அளக்கக் கருவி உண்டு. அல்சைமர் என்னும் மறதி நோய் வந்தவரின் வாழ்வு நன்றாக இருக்கிறதா என்று அளக்க? கேள்விதான் உண்டு. அதை யாரிடம் கேட்பது?

திருவாதவூர் தவசியின் சம்மதத்தோடு சொல்கிறேன். அவர் மனைவி சோணையம்மாளுக்கு இந்த நோய். சமைப்பது, துவைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் தவசிதான். உடல் தளர்ந்து, மனைவியை மதுரையில் ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடத் துணிந்தார். அதற்கு முன் சோணையம்மாளின் வாழ்க்கைத் தரத்தை மதிப்பிட வந்தார் செவிலியர் முத்துமீனா.

உடம்பு? "மோசம்." மனசு? "மோசம்." குடும்பம்? "இதெல்லாம் ஒரு பொழப்பாம்மா?" எல்லாவற்றுக்கும் தவசியே பதில் சொன்னார்.

முத்துமீனா சோணையம்மாள் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா?"

"அந்த ஆளா? ஒரு நாளாச்சும் எனக்குக் காப்பி போட்டுக் குடுத்திருப்பாரா? எம்புட்டுக் கோவம் வரும் தெரியுமா!" என்றவர், தவசியைக் காட்டினார். "இந்த அண்ணே தங்கமானவரு. காப்பி போடுறாரு, தலை சீவி விடுறாரு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

சிரியுங்கள், தவசியும் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மறதி வந்தவங்க பேச்சை எப்படிங்க நம்புறது?" அங்கே ஓர் அம்மா கேட்கிறார். நல்ல கேள்வி, தாயே! முகத்தை மறந்தார், பரிவை மறந்தாரா? பெயரை மறந்தார், கையில் இருக்கும் காப்பியின் சுவையை மறந்தாரா? தவசியும் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது அவருடைய களைப்பு. சோணையம்மாள் சொன்னது சோணையம்மாளின் வாழ்வு. ஒன்றை அளந்துவிட்டு, மற்றொன்றை அளந்ததாகச் சொல்லலாமா?

தவசி மெல்லக் கேட்டார். "மதுரையில ஒரு எடம் இருக்கு, போறியா?"

"இந்த அண்ணே வந்தா வாரேன்."

காப்பகத்தில் துணைக்குத் தங்க இடமில்லை. ஆகவேதான், இன்று திறக்கும் இந்தப் பகல்நேர மையத்துக்கு இருவரும் வந்திருக்கிறார்கள். மருத்துவர் அவர்களே, ஒரே வேண்டுகோள். வருபவரிடமே முதலில் கேளுங்கள். அழைத்து வருபவருக்கு ஒரு கட்டில் போடுங்கள்.

அதோ, முன்வரிசையில் தவசி கண்ணயர்ந்துவிட்டார். பக்கத்தில் சோணையம்மாள் உதட்டில் விரல் வைத்து, என்னைப் பார்த்து, 'சத்தம் போடாதே' என்கிறார். உத்தரவு, தாயே! யாரும் கைதட்ட வேண்டாம். நன்றி சொல்லி, மெல்ல அமர்கிறேன். வணக்கம்.