டல்லாஸ் குழுத் தாளை நான் மொழிபெயர்த்த விதம்

2026 பெப்ரவரி 12, வியாழக்கிழமை, முற்பகல் 10.20. பலெர்மோ, காவல் நிலையம், இரண்டாம் மாடி அறை.

பெயர்: சவிரிமுத்து கொட்வின். வயது: 53. பிறந்த இடம்: மன்னார், பேசாலை. தொழில்: வீட்டுப் பணியாளர். முகவரி: அல்பெர்கேரியா, பல்லாரோ சந்தைக்குப் பின்புற ஒழுங்கை, இலக்கம் 14, மூன்றாம் மாடி.

மேற்படி கொட்வின் ஆகிய நான் கூறுவதாவது: எனக்கு இத்தாலிய மொழி நன்றாகத் தெரியும். இருந்தும் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் தர அனுமதி கேட்டேன். ஏனென்றால் முறைப்பாடு கொடுத்த பெண் இதைத் தன் கண்ணாலேயே வாசிக்க வேண்டும், இன்னொருவர் வாசித்துச் சொல்லிக் கேட்கும் நிலை அவருக்கு இனி வேண்டாம். நான் சொல்லச் சொல்ல எழுதுபவர் வித்யாலட்சுமி, இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர், திருச்சிக்காரர். என் பேச்சை அவர் எழுத்துத் தமிழாக்கி எழுதுகிறார். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆட்கள் கதைத்தது மட்டும் கதைத்தபடியே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் 2001ஆம் ஆண்டு பலெர்மோவுக்கு வந்தேன். பத்தொன்பது வருடங்களாகப் பொலிதேயாமா பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் வேலை செய்கிறேன். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த தமிழர்களுக்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி விடயமோ, வைத்தியரோ, பள்ளிக்கூடமோ எதுவானாலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு நான் எதுவும் வாங்கியதில்லை. ஆனால் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் “கொட்வின் அண்ணை” என்று பின்னால் வருவது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

முறைப்பாட்டாளர் மாக்கிரட் 2019இல் தன் ஒரே மகள் அமலினியுடன் இங்கு வந்தார். கணவர் மிலானில் ஹோட்டல் சமையலறையில் வேலை. மாக்கிரட் காது கேளாத ஒரு வயதான சின்யோராவைப் பராமரிக்கிறார், அந்த வீட்டில் கையசைவே போதும் என்பதால் அவருக்குச் சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்கு மேல் இத்தாலிய மொழி வரவில்லை. அமலினிக்கு இப்போது வயது பதின்மூன்று. கணக்கில் கெட்டிக்காரி. அதை நான் அப்போதே அறிவேன், ஏனென்றால் கோயிலில் நான் நடத்தும் மறைக்கல்வி வகுப்பின் வரவுப் பட்டியலை அவள்தான் எனக்குக் கூட்டித் தருவாள்.

அமலினி படிக்கும் நடுநிலைப் பள்ளியின் அதிபர் 2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் மூன்று கிழமை அமெரிக்காவுக்குப் போய் வந்தார். அங்கே பள்ளிக்கூடங்களைச் சீர்திருத்துகிறார்களாம், அதைப் பார்த்து வந்தாராம். அதன் பின்னர் அக்டோபரில் நடுநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் டாப்லெட்டில் ஒரு சோதனையும், ஆசிரியர் நேரில் கேட்கும் ஒரு சோதனையும் வைத்து மூன்று குழுக்களாகப் பிரித்தார். மேல், நடு, கீழ் என்று சொன்னால் பிள்ளைகளின் மனம் புண்படும் என்று அந்தக் குழுக்களுக்குப் போஸ்டன், சிகாகோ, டல்லாஸ் என்று பெயர் வைத்தார். டல்லாஸ் என்றால் கடைசி. இது முதல் நாளே பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பிரித்த பிறகு டல்லாஸில் இருந்தவர்கள் பெரும்பாலும் வங்காளப் பிள்ளைகள், கானாப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள், பல்லாரோச் சந்தையில் கடை போடுகிறவர்களின் பிள்ளைகள். சோதனைதான் அப்படிப் பிரித்தது, நாங்கள் பிரிக்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பிற்பகல் விடுமுறை ஆகையால் நானும் மாக்கிரட்டுடன் போனேன். வகுப்புப் பொறுப்பாசிரியை மன்னீனோ மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். எங்களுக்குப் பின்னால் நெருக்கமாக மூன்று தமிழ்க் குடும்பங்கள் தங்கள் முறைக்காக நின்றன. ஆசிரியை சொன்னது இது: அமலினியின் எழுத்துச் சோதனை சுமார். ஆனால் நேரில் கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, உன் கருத்து என்ன என்று கேட்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஆகவே அவளுக்கு விளக்கம் குறைவு என்று முடிவு செய்து டல்லாஸ் குழுவில் போட்டிருக்கிறோம். அங்கே இலகுவான புத்தகம். அந்தக் குழுவிலிருந்து சாதாரணமாக யாரும் லிச்சேயோவுக்குப் போவதில்லை. தாய்க்கு விருப்பமில்லையென்றால் மறுக்கலாம், மறுத்தால் நடுக் குழுவில் விடுவோம்.

லிச்சேயோ என்பது இங்கே பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள் படிக்கும் உயர்பள்ளி. ஆசிரியை கேட்டால் நிலத்தைப் பார்த்துப் பதில் சொல் என்று அந்தப் பிள்ளைக்குப் பழக்கியது மாக்கிரட். எங்கள் வீடுகளில் எல்லாம் அப்படித்தான். அதை ஆசிரியைக்கு விளக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். நான் விளக்கவில்லை.

அதன் பின்னர் மாக்கிரட் என்னைப் பார்த்து, “என்னவாம் அண்ணை?” என்று கேட்டார். ஒரு தாயின் முகத்துக்கு நேரே, அதுவும் பின்னால் ஆறு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும்போது, உன் பிள்ளை மந்தமாம் என்று எங்கள் ஆட்கள் சொல்வதில்லை. ஞாயிறு பூசைக்குள் அந்தக் கதை கோயில் முழுக்கச் சுற்றிவிடும். ஆகவே நான் சொன்னேன்: “பிள்ளையைச் சின்னக் குழுவிலை போட்டுத் தனிக் கவனம் குடுக்கப் போயினம். நல்ல விசயம். கையெழுத்தைப் போடுங்கோ.” மாக்கிரட் ஆசிரியைக்கு இரண்டு தடவை நன்றி சொல்லிவிட்டுச் சம்மதத் தாளில் கையொப்பமிட்டார். அதற்குக் கீழே, சரியாக மொழிபெயர்த்தேன் என்று நானும் கையொப்பமிட்டேன். வீட்டுக்குப் போய் ஆறுதலாக உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீதியில் அவர் சந்தோசமாகக் கதைத்துக்கொண்டே வந்தார், நான் சொல்லவில்லை. அடுத்த கிழமையும் சொல்லவில்லை.

அதன் பின்னர் நடந்தது நான் எதிர்பாராதது. மாக்கிரட் தன் மகள் அமெரிக்கன் வகுப்புக்குத் தெரிவாகியிருக்கிறாள் என்று பங்கு முழுக்கச் சொன்னார். மன்னாரில் இருக்கும் தங்கைக்கும் தொலைபேசியில் சொன்னார். அனிற்றா என்ற தாய் கோயில் வாசலில் என்னைப் பிடித்து, “என்ரை மகனையும் அந்த டல்லாசிலை போட ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோவன்” என்று கேட்டார். நான் பார்ப்போம் என்றேன். சிரித்துக்கொண்டும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்மீதே அருவருப்பாக இருக்கிறது.

2025 ஏப்ரல் மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஒரு தாள் வந்தது. மாக்கிரட் அதைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, இதில் என்ன போட்டிருக்கு என்று கேட்டார். நான் வழக்கறிஞர் வீட்டுச் சமையலறையில் நின்று வாசித்தேன். பிள்ளைக்கு மறுசோதனை வைத்துக் குழு மாற்ற வேண்டுமா, ஆம் அல்லது இல்லை என்று பதினைந்து நாட்களுக்குள் குறிக்கவும், குறிக்காவிட்டால் இல்லை என்று கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. இதைச் சொன்னால் குழு மாற்றுவது எதற்கு என்று கேட்பார், அப்போது நவம்பரில் நான் சொன்ன பொய் வெளியே வரும். நான் குரல் பதிவில், “ஒண்டுமில்லை, பார்த்தன் எண்டு கையெழுத்துப் போட்டு அனுப்புங்கோ” என்று பதில் சொன்னேன். அவர் எதையும் குறிக்காமல் கையொப்பமிட்டு அனுப்பினார். முதல் தடவை நான் மரியாதைக்காகப் பொய் சொன்னேன் என்று யாராவது எனக்காகப் பேசலாம். இந்த இரண்டாவது தடவை எனக்காகவே சொன்னேன். அந்த ஞாயிறு மாக்கிரட் நன்றிக்காக ஒரு பெட்டி கட்லட் கொண்டுவந்து தந்தார். நான் சாப்பிட்டேன்.

2025 அக்டோபரில் ஒரு நாள் மறைக்கல்வி முடிந்த பிறகு அமலினி என்னிடம் வந்தாள். “மாமா, நாங்கள் இன்னும் பின்னக் கணக்கு தொடங்கேல்லை. டாப்லெட்டிலை விளையாட்டுத்தான் செய்யிறம்,” என்றாள். அதன் பின்னர், “அமெரிக்காவிலை கன இடத்திலை இப்பிடிப் பிரிக்கிறதைப் பிழை எண்டு விட்டிட்டினமாம். நான் இன்டர்நெட்டிலை வாசிச்சனான்,” என்றாள். பொறுமையாகப் படி என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் “ஓம் மாமா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

2026 சனவரி 22, வியாழக்கிழமை, எந்த உயர்பள்ளிக்குப் போகலாம் என்று ஆலோசனை சொல்லும் கூட்டம் நடந்தது. வழக்கறிஞர் வீட்டில் அன்று விருந்தாளிகள் வந்ததால் எனக்கு நாற்பது நிமிடம் பிந்திவிட்டது. மாக்கிரட் காத்திருந்து பார்த்துவிட்டு மகளையே மொழிபெயர்க்க வைத்திருந்தார். நான் வகுப்புக் கதவடியில் போய் நின்றபோது ஆசிரியை மன்னீனோ சொல்லிக்கொண்டிருந்தார்: லிச்சேயோ இவளுக்குச் சரிவராது, ஆலோசனைத் தாளில் முதியோர் பராமரிப்புத் தொழிற்பள்ளி என்று எழுதியிருக்கிறோம், தாயும் அந்த வேலைதானே, வீட்டிலேயே உதவி கிடைக்கும். தாய் மகளைப் பார்த்தார். அமலினி சொன்னாள்: “அம்மா, நான் நல்லாப் படிக்கிறனாம். எந்தப் பள்ளிக்கூடம் விருப்பமோ அங்கை போகலாமாம்.”

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாற்றிச் சொல்லிப் பழகிய ஆள் மாதிரிச் சொன்னாள். நான் உள்ளே போய், ஆசிரியை சொன்னதை ஒரு சொல்லும் குறைக்காமல் மாக்கிரட்டுக்குத் தமிழில் சொன்னேன். அதன் பின்னர் நவம்பரில் நடந்ததையும், ஏப்ரல் தாளில் இருந்ததையும், டல்லாஸ் என்றால் என்ன என்பதையும் அங்கேயே நின்று சொன்னேன். ஆசிரியை என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டார், நான் மாக்கிரட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மாக்கிரட் என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. மகளின் பக்கம் திரும்பி, “உனக்கும் தெரியுமோ?” என்று கேட்டார். அமலினி, “முதல் நாளே தெரியும். நீங்கள் எல்லாருக்கும் சந்தோசமாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சியள்,” என்றாள். மாக்கிரட் கைப்பையை எடுத்துக்கொண்டு, “ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னை நல்லாத்தான் பார்த்திருக்கிறியள்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு இன்றுவரை என்னுடன் கதைக்கவில்லை.

அதன் பின்னர் நான் கேள்விப்பட்டது: மாக்கிரட் மறுநாள் அதிபரைப் பார்த்திருக்கிறார். இரண்டு தாளிலும் உங்கள் கையொப்பம் இருக்கிறது, முதல் தாளில் மொழிபெயர்த்தவர் கையொப்பமும் இருக்கிறது, உங்களுக்கு விளங்கப்படுத்தப்படவில்லை என்பதற்கு எழுத்து மூல ஆதாரம் கொண்டுவந்தால் பிள்ளைக்கு மறுசோதனை வைத்து ஆலோசனைத் தாளைத் திருத்தலாம், ஆனால் அது உயர்பள்ளிப் பதிவு முடிவதற்கு முன் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அமலினி போக விரும்பும் லிச்சேயோவில் இடம் குறைவு, ஆலோசனைத் தாளைப் பார்த்துத்தான் பிள்ளைகளை எடுக்கிறார்கள். ஆகவே சனவரி 26ஆம் திகதி என்மீது இந்த முறைப்பாட்டைக் கொடுத்திருக்கிறார். கொடுத்தது சரி.

அழைப்பாணை வந்ததும் என் வழக்கறிஞர் முதலாளியிடம் காட்டினேன். என் குடியுரிமை விண்ணப்பம் போட்டு மூன்று வருடமாக முடிவுக்காகக் கிடப்பதை அவர் அறிவார். ஞாபகமில்லை என்று சொல், அது பொய்யில் சேராது என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் எனக்குத் தந்த ஒரே சட்ட ஆலோசனை அது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

தான் எதற்குக் கையொப்பமிடுகிறார் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்ததா என்று அதிகாரி கேட்டார். தெரியாது. இரண்டு தடவையும் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தவன் நான்.

இந்த வாக்குமூலத்தின் பிரதியை இன்றே மாக்கிரட்டுக்குத் தர முடியுமா என்று கேட்டேன். அரச வழக்குத் தொடுநரின் அனுமதி வந்த பிறகுதான் தரலாம், குறைந்தது மூன்று கிழமை ஆகும் என்று அதிகாரி சொன்னார். உயர்பள்ளிப் பதிவு நாளை மறுநாள், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு முடிகிறது என்றேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். அப்படியென்றால் இங்கிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் இதையே அதிபருக்கு முன்னால் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கப்போகிறேன், எடுப்பார்களோ இல்லையோ, அதையும் இதில் எழுதுங்கள் என்று கேட்டேன். இனிச் செய்யப்போவதை வாக்குமூலத்தில் சேர்க்க முடியாது, செய்ததை மட்டுமே சேர்க்கலாம் என்று அதிகாரி சொன்னார்.

நான் செய்தது மேலே உள்ளது. அது முழுவதும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது, உண்மை என்று ஏற்றுக்கொள்கிறேன், எவரும் என்னை வற்புறுத்தவில்லை, எதையும் மாற்றும்படி நான் கேட்கவில்லை.

ஒப்பம்: சவிரிமுத்து கொட்வின்
எழுதியவர்: வித்யாலட்சுமி
முடித்த நேரம்: பிற்பகல் 1.05