அமாவாசை வடையும் நாயும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு மாமாவும் மச்சானும்.

"அமாவாசைன்னா எங்க வீட்ல நாயிக்குத்தான் மாமா மொத வடை."

"அப்ப காக்காய்க்கு?"

"அப்பாவுக்குப் படைச்சிட்டு மாடியில சோறு வச்சா, குரைச்சே காக்காவ வெரட்டிடுது. வாய அடைக்க ஒரு தடவ வடை போட்டோம். இப்ப வடை வர்ற வரைக்கும் நிறுத்த மாட்டேங்குது."

"கட்டிப் போட வேண்டியதுதான?"

"கட்டினா இன்னும் ஜாஸ்தி. பண்ருட்டியிலேருந்து நாய்க்கு ட்ரெய்னிங் குடுக்குறவர வரவழைச்சேன். 'நாயி மேல தப்பில்ல சார், குரைச்சா வடை கெடைக்கும்னு நீங்கதான் பழக்கியிருக்கீங்க'ன்றாரு."

புதுச்சத்திரம் தாண்டியதும் மாமா மச்சான் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பாவுக்குக் குரைக்கத் தெரியல மச்சான். படுக்கையில கெடந்தப்ப, ஒரு வடை வேணும்னு மெதுவாத்தான கேட்டாரு."