சன்னலோர விளக்குக்குத் தனி சுவிட்ச்

பளபளக்கும் கண்ணாடிச் சுவரை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, அதன்மேல் கனத்த திரையை இழுத்து மூடி, பட்டப்பகலில் மின்விளக்கின் கீழ் வீற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே. இந்தக் கட்டடத்தைக் கட்டியதோடு நில்லாமல், இரண்டாவதற்கும் வரைபடத்தோடு வந்திருக்கும் துணிவு மிக்க பொறியாளர் அவர்களே. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று சொல்லி, இன்றுவரை எதையும் பார்க்காத செயலாளர் அவர்களே. ஆரம்பத்தில் எனக்கு இங்கே கடை தர மறுத்து, அதனாலேயே என்னை முன்னேற்றிய மூத்த வியாபாரிகளே. சன்னலுக்கு எட்டாத தூரத்தில், உள்சுவரோரம் உட்கார வைக்கப்பட்டிருக்கும் தாய்மார்களே. தையல் தொழில் செய்யும் என் வாடிக்கையாளர்களே! நூலும் பொத்தானும் விற்றுப் பிழைக்கும் இந்தச் சிறுகடைக்காரனின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டடத்தைப் பாராட்டிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பேசி முடித்ததும் நீங்கள் கை தூக்கி, புதிய கட்டடத்தின் வரைபடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். பாராட்டத்தான் வந்தேன். வரும் வழியில் வரைபடத்தைப் பார்த்துவிட்டேன். அதுதான் வம்பாகப் போயிற்று.

நமது கட்டடத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. 'மின்சாரம் சேமிக்கும் கட்டடம்' என்று பொறித்திருக்கிறது. அதைப் பகலில் படிப்பதற்கு, அதன் தலைமேல் ஒரு விளக்கு எரிகிறது. சிரிக்காதீர்கள், அந்த விளக்குக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம்.

முகப்பு முழுக்கக் கண்ணாடி. எந்தத் திசையில்? மேற்கே. மாலை வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. செருப்புக் கடைக்காரர் அட்டை ஒட்டினார். பாத்திரக் கடைக்காரர் செய்தித்தாள் ஒட்டினார். சூடு தணிய ஏசி போட்டோம். அட்டை ஒட்டியதால் இருட்டு, இருட்டுப் போக விளக்குப் போட்டோம். விளக்குச் சூட்டுக்கு ஏசியைக் கூட்டினோம். சூரியனை விருந்துக்கு அழைத்தவர்களும் நாம், வாசலிலேயே விரட்டியவர்களும் நாம், உள்ளே வாடகைச் சூரியனுக்குச் சம்பளம் அளப்பவர்களும் நாம். இப்படி ஒரு நிர்வாகத்தை நான் என் கடையில் நடத்தியிருந்தால், இன்று தெருவில் நின்று பொத்தான் விற்றுக்கொண்டிருப்பேன்.

"அதுக்கென்ன, வெளிச்சம் இருக்குல்ல?" என்று யாரோ அங்கே கேட்கிறீர்கள். இருக்கிறது, அண்ணே. எப்படிப்பட்ட வெளிச்சம் என்று சொல்கிறேன்.

என் அக்கா மகள் இந்தக் கட்டடத்தில்தான், உள்பக்கம், தையல் கடை வைத்திருக்கிறாள். ஒரு ஓட்டல் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் சீருடை தைக்கும் வேலை கிடைத்தது. கருநீலத் துணியை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். என் விளக்கின் கீழே நூலைத் துணிமேல் வைத்துப் பார்த்தோம். அச்சு அசலாக ஒரே நிறம். தைத்தாள், தேய்த்தாள், மடித்தாள், கொண்டுபோனாள். ஓட்டல் முற்றத்தில், பகல் வெளிச்சத்தில் பிரித்தால், துணி நீலம், தையல் ஊதா. மேலாளர் சொன்னாராம்: "என்னம்மா இது, துணியும் நூலும் சண்டை போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு?"

அவள் மூட்டையோடு என் முன்னால் வந்து நின்றாள். "மாமா, உங்க கடையில பார்த்தப்ப ஒண்ணாத்தானே இருந்துச்சு?"

"இப்பவும் ஒண்ணாத்தாம்மா இருக்கு. இங்க விளக்குக்குக் கீழ கொண்டாந்து பாரு."

"அப்ப அந்த ஓட்டல்காரங்க எல்லாரையும் உங்க கடையிலேயே வந்து வேலை பார்க்கச் சொல்லிடலாமா மாமா?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா? அத்தனை தையலையும் பிரித்து, மறுபடி தைத்தாள். அன்று முதல் நமது தையல்காரர்கள் நிறம் பார்க்கும் இடம் எது தெரியுமா? மாடிப்படித் திருப்பம். அங்கே ஒரு சின்னச் சன்னல், பொறியாளர் ஐயா மறதியாக விட்டது. அதன் முன்னால் வரிசை நிற்கிறது. ஒருவர் கையில் துணி, ஒருவர் வாயில் நூல், நடுவில் டீ கொண்டுபோகிறவர் திண்டாடுகிறார். கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய கட்டடத்தில் கூட்டம் கூடுகிற இடம் படிக்கட்டு.

இப்போது அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "புதுசும் இதே மாதிரின்னா நான் வரலை மாமா. நாங்க யாருமே வரலை. பழைய சந்துல உயரமாச் சன்னல் வச்ச கடைங்க காலியா இருக்கு, அங்கேயே போய்க்கறோம்." தையல்காரர்கள் போய்விட்டால், என் நூலை நான் யாருக்கு விற்பது? துணிக்கடைக்காரரே, உங்கள் துணியை யார் வாங்குவார்? பொதுநலம் பேசுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். என் வயிற்றுக்காகத்தான் பேசுகிறேன். உங்கள் வயிறும் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மின்விளக்கே வேண்டாம் என்கிறேனா? மழை மூட்டத்தில் என்ன செய்வது, மாலை வியாபாரத்துக்கு என்ன செய்வது, சரக்கறைக்கு என்ன செய்வது? விளக்கு வேண்டும். பகலும் விளக்கும் இரண்டு பங்காளிகள். ஒருவர் சம்பளம் கேட்காதவர், ஆனால் சாயங்காலம் கிளம்பிவிடுவார், சன்னலைத் தாண்டி ரொம்ப தூரம் நடக்கவும் மாட்டார். இன்னொருவர் எந்நேரமும் வருவார், நிமிடத்துக்கு நிமிடம் கூலி வாங்குவார். முதலாமவர் நிற்கிற இடத்திலேயே இரண்டாமவரையும் நிறுத்திக் கூலி கொடுப்பவனை வியாபாரி என்பீர்களா?

செயலாளர் தலையை ஆட்டுகிறார், ஒத்துக்கொள்ளாமல். சரி, பார்த்துவிடுவோம்.

எலக்ட்ரீசியன் தம்பி, சுவிட்ச் பலகைப் பக்கம் போப்பா. முன்வரிசையில் இருப்பவர்கள் வலது கைப் பக்கம் திரையை விலக்குங்கள். அது வடக்குச் சன்னல், வெயில் நேராக அடிக்காது. ஆகா, பார்த்தீர்களா, பாதி மண்டபத்துக்கு வெளிச்சம் போதும். இப்போது சன்னலோர விளக்குகளை மட்டும் அணைப்பா.

"அதை மட்டும் அணைக்க முடியாதுங்க. ஒரு சுவிட்சைத் தட்டினா சன்னல்ல இருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரு வரிசையே போயிடும்."

தட்டு, பரவாயில்லை.

"ஐயா, எங்க பக்கம் இருட்டாயிடுச்சு, போடச் சொல்லுங்க."

போடச் சொல்கிறேன், தாயே. உங்கள் குரல் வரைபடக்காரர் காதில் விழட்டும் என்றுதான் அணைத்தேன். புரிந்ததா? சுவரோரம் ஒரு அம்மாவுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால், சன்னலோரம் வெளிச்சத்தில் குளிப்பவர் தலைமேலும் விளக்கு எரிய வேண்டும். கம்பி சன்னலிலிருந்து குறுக்கே ஓடுகிறது. புதிய வரைபடத்திலும் குறுக்கேதான் ஓடுகிறது.

பொறியாளர் ஏதோ சொல்கிறார். "அப்படிப் போட்டா ஒயர் கம்மியா ஆகும்ங்க." ஐயா, ஒயர் வாங்குவது ஒரு தடவை. பில் வருவது ஒவ்வொரு மாதமும்.

நான் கேட்பது நாலே விஷயம், நாலும் உங்கள் படிப்பில் உள்ளதுதான். மேற்கே கண்ணாடியைக் குறையுங்கள், வைத்த இடத்தில் நிழலுக்கு வெளித்தட்டு வையுங்கள். வடக்கே சன்னலை உயர்த்துங்கள், உயரத்திலிருந்து விழும் ஒளி உள்ளே தூரம் வரும். கூரையின் உட்பக்கம் வெள்ளையடியுங்கள். விளக்கு வரிசையைச் சன்னலுக்கு இணையாக ஓட்டி, ஓரத்துக்கு ஒரு சுவிட்ச், நடுவுக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று கொடுங்கள். மேகம் வந்தால் தானாக எரிந்து, வெயில் வந்தால் தானாக மங்கும் கருவியும் உண்டாம். அதை வாங்கக் காசு இல்லையென்றால் விரல் இருக்கிறது, சுவிட்சைத் தட்டுவோம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். இந்த வரைபடத்தைத் திருத்தாமல் ஏற்கக் கூடாது என்பவர்கள் கை தூக்குங்கள். தையல் பக்கம் முழுவதும். துணிக்கடை. பாத்திரக் கடையும். செருப்புக் கடைக்காரரே, அட்டை ஒட்டிய கையல்லவா, இன்னும் கொஞ்சம் உயரட்டும். தாய்மார்கள் இரண்டு கையையும் தூக்குகிறார்கள்.

பொறியாளர் என்ன சொல்கிறார்? "திருத்திடலாம், ஒரு மாசம் ஆகும்." ஆகட்டும் ஐயா. நம் பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கப் போகிற கட்டடம், ஒரு மாதம் காத்திருக்காதா?

அக்கா மகளே, நீ எதற்கு இன்னும் கையை இறக்காமல் நிற்கிறாய்?

"வடக்குச் சன்னலோரக் கடை எனக்குத்தான்னு இப்பவே சொல்லி வைக்கிறேன் மாமா."

கேட்டீர்களா? சொல்லி முடிக்கவில்லை, தலைவர் என் காதோரம் குனிந்து, தம் மருமகனுக்கும் அதே பக்கம் ஒரு கடை கேட்கிறார். ஐயா, வரிசையில் வரச் சொல்லுங்கள். அவள் முந்திவிட்டாள்.

பாராட்டக் கூப்பிட்டவனைப் பொறுத்துக்கொண்ட மேடைக்கும், கைவலிக்க உயர்த்திய கூட்டத்துக்கும், கோபிக்காமல் பென்சிலை எடுத்துவிட்ட பொறியாளருக்கும் நன்றி கூறி, கடை திறக்க நேரமாகிவிட்டதால் வணங்கி இறங்குகிறேன்.