ரவுட்டரைச் சரி செய்தது யார்

விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் போகும் பஸ்ஸில், பீங்கான் கம்பெனி வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். சின்னவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

“பழைய வைஃபை ரவுட்டருக்கு இனிமே அப்டேட்டு வராது, தூக்கிப் போடுங்கன்னான் கடைக்காரன். யாரு வேணா எடுத்துக்கலாம்னு இன்டர்நெட்டுல சும்மா குடுக்குறாங்களே, அந்த சாஃப்ட்வேர நானே படிச்சுப் பாத்து ஏத்துனேன்க்கா. இப்ப நல்லா ஓடுது.”

“நல்லதுதானே?”

“நேத்து அவரு அண்ணன் வந்து, ‘யாருடா இத சரி பண்ணது?’ன்னு கேக்குறாரு. எங்க வூட்டுக்காரரு கூசாம ‘நான்தான்’ங்குறாரு! டீ டம்ளரோட பக்கத்துலதான் நிக்கிறேன் நான்!”

“நீ என்னா பண்ண?”

“பாஸ்வேர்ட மாத்திட்டேன். அவருதானே சரி பண்ணாரு, அவரே கண்டுபுடிக்கட்டும்.”