பக்கத்து சீட்டுல கல்யாணப் படம்

இன்னும் நேரம் இருக்கும்மா. கோயில் சாத்த நாலு மணி ஆவும். அதுக்குள்ள இந்த அருவிய ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரலாம்ங்கறேன். சகாதாவுலேர்ந்து ரயில் மாறி ரயில் ஏறி வந்திருக்கீங்க. மலையெல்லாம் மேப்பிள் செவந்து நிக்கிற சமயத்துல, கோயிலுக்குப் போனேன் வந்தேன்னு திரும்பினா ஊர்ல சிரிக்க மாட்டாங்களா? டோக்கியோ சனம் இதப் பாக்கறதுக்குன்னு வந்து, ஓட்டல்ல ரூம் கெடைக்காம காருக்குள்ள படுத்துத் தூங்குது.

வேணாமா? சரி, விடுங்க. வண்டிக்குள்ள இருந்தபடியே பாருங்க, இடது பக்கம், பாலத்துக்குக் கீழ. வேகத்தக் கொறச்சிருக்கேன். பாத்தீங்களா? எங்க பாத்தீங்க, கண்ணாடி வழியா என்னையேல்ல பாத்துட்டு வர்றீங்க. என் மூஞ்சியிலயாம்மா அருவி கொட்டுது?

சும்மா சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சுத்திக்காட்டற டாக்ஸிக்காரி வாய மூடிட்டு ஓட்டுனா, அப்புறம் சுத்திப் பாக்க வர்றவங்க பஸ்லயே போயிருவாங்கள்ல. நீங்களே கம்பெனிக்குப் போன் போட்டு என் பேரச் சொல்லித்தான் கேட்டீங்களாம். யாரும்மா சொன்னது என்னைப் பத்தி? தெரிஞ்சவங்களா. சரி, யாரோ தெரிஞ்சவங்க.

படம் பத்திரமா இருக்கு, அதத் தடவித் தடவிப் பாக்காதீங்க. டிக்கியில வெக்கறேன்னேன், விடல நீங்க. இப்ப பாருங்க, உங்க பக்கத்துல பட்டுத் துணி சுத்தி, பெல்ட் எல்லாம் போட்டு, இன்னொரு ஆளு உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு.

அது என்ன படம்னு நீங்க சொல்லணுமா எனக்கு? இந்தப் பக்கமே பொறந்து வளந்தவ நான். கல்யாணம் ஆகாம போய்ச் சேந்த புள்ளைக்குப் பெத்தவங்க கட்டி வெக்கிற கல்யாணம். கறுப்புக் கிமோனோவுல மாப்பிள்ளை, பக்கத்துல வெள்ளை முக்காடு போட்டுட்டுப் பொண்ணு. கோயில்ல மாட்டிட்டா, அவன் அந்தப் பக்கம் ஒத்தையா நிக்க மாட்டான். எத்தனை அம்மாமார கூட்டிட்டுப் போயிருக்கேன். போறப்ப ஒருத்தரும் பேச மாட்டாங்க. மாட்டிட்டு இறங்கி வர்றப்ப, சம்பந்தி வீட்டுலேர்ந்து வர்ற மாதிரி வாயோயாம பேசிட்டு வருவாங்க. பாக்க நல்லாத்தான் இருக்கும்.

பையன் பேரென்ன? கோஹெய். ம். நல்ல பேரு. முப்பத்தொண்ணுதான அப்ப... இல்லம்மா, எனக்கெப்படித் தெரியும், ஒரு பேச்சுக்குக் கேட்டேன். கல்யாண வயசுதான இருந்திருக்கும், அதச் சொன்னேன்.

செத்தது சாவோங்கற மலையிலயா. ஆமா, படிச்சிருக்கேன், பேப்பர்ல போட்டிருந்தாங்க. பனி மூடிப் பேய் மாதிரி நிக்கிற மரங்களப் பாக்க வந்த கூட்டத்த, புயல்ல பத்திரமா ரோப்கார்ல ஏத்திவிட்டுட்டு, யாரோ கையுறைய விட்டுட்டு வந்துட்டாங்கன்னு திரும்பிப் போன கைடு. ஒரு கையுறைக்காக. மடையன். மன்னிச்சுக்கோங்கம்மா. வாய்ல வந்துருச்சு.

இந்த வளைவு தாண்டி ஒரு கடை இருக்கு, சோயாவுல வேகவெச்ச கொன்யாக்குக் கிழங்கு உருண்டை, குச்சியில குத்தித் தருவாங்க. சுடச்சுட நாக்கு பொத்துப்போவும். நிறுத்தட்டுமா? பசிக்கலயா. அப்ப அந்தப் பழைய வெந்நீர் ஊத்து ஊரு? ஆத்தோரமா மர வீடுங்க, சாயங்காலம் விளக்குப் போட்டா... அதுவும் வேணாமா. நேரா கோயிலு. சரி சரி. போறேன். வழி இது ஒண்ணுதான், நான் ஒண்ணும் சுத்தி வளைச்சுக் கூட்டிட்டுப் போகல.

படம் வரைஞ்சவரு ஒரு கேள்வி கேட்டிருப்பாரே உங்கள? பொண்ணு மூஞ்சி யாரோடதுன்னு. எல்லா ஓவியரும் கேப்பாங்க. உசுரோட இருக்கறவங்க மூஞ்சிய வரையக்கூடாது, பேரும் எழுதக்கூடாது. வரைஞ்சா மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போயிருவான். சின்ன வயசுல எங்கம்மா அந்தக் கோயில் வாசல்ல எங்கள போட்டோ எடுத்துக்கவே விடமாட்டா. யாராச்சும் பாத்து உன்ன வரைஞ்சிருவாங்கடின்னு தலையில குட்டுவா.

எங்க தெருவுல ஒருத்தரு, செத்துப்போன தம்பிக்குக் கட்டி வெக்க, கடைக் காலண்டர்ல இருந்த பொண்ணு மூஞ்சியக் குடுத்துட்டாரு. அழகா இருக்காளேன்னு. அப்புறந்தான் உறைச்சுது, அவ எங்கயோ உசுரோட இருப்பாளேன்னு. ஓவியர்கிட்ட ஓடி, மூக்க நீட்டி, கன்னத்துல மச்சம் வெச்சு, காத இழுத்து, கடைசியில கல்யாணப் பொண்ணு கொரங்கு மாதிரி ஆயிட்டா. ஊரே சிரிச்சுது. ஆனா அவரு செஞ்சதுதான் சரின்னு அத்தனை பேரும் சொன்னாங்க.

உங்களுது கற்பனை மூஞ்சியா? ஓவியரே யோசிச்சு வரைஞ்சதா. ம். அப்ப கவலை இல்ல.

வந்துட்டோம் பாருங்க. வாசல்ல கூட்டமே இல்ல. கதவ இழுக்காதீங்கம்மா, அது நான் இங்கேர்ந்து லீவரத் தூக்கினாத்தான் திறக்கும். திறக்கறேன். கொஞ்சம் பொறுங்க.

கற்பனை மூஞ்சிக்கு இடது புருவத்துல தழும்பு எதுக்கும்மா?

ஆமா, பாத்தேன். ஸ்டேஷன்ல நீங்க பாத்ரூம் போனப்ப முடிச்சு அவுந்து கெடந்துச்சு. கட்டிவிடலாம்னு துணியத் தூக்கினேன். மாப்பிள்ளையப் பாத்து, அடடே கோஹெய்ன்னேன். அப்புறம் பொண்ணப் பாத்தேன். இதோ, தொப்பிய எடுத்துட்டேன், முடியையும் ஒதுக்கிட்டேன். நல்லாப் பாத்துக்கோங்க. சறுக்கி விழுந்து, இந்தப் புருவத்த ரெண்டாக் கிழிச்சுட்டு வந்தப்ப பனியால ஒத்தடம் குடுத்தவன் அவன்தான்.

அவன் போன்ல இருந்த போட்டோவா. ரோப்கார் வாசல்ல எடுத்தது, தெரியும். ஓவியர்கிட்ட என்னன்னு சொல்லிக் குடுத்தீங்க? சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். செத்துட்டேன்னா? அவன் கூடவே போயிட்டேன்னா?

அடேங்கப்பா. கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கக் கூடாது நான்.

என்னது, கோஹெய் அப்படியா சொன்னான் உங்ககிட்ட? நான் சரின்னுட்டேன், வசந்தம் வந்ததும் கல்யாணம்னா? அட ராஸ்கல். நீங்க பொண்ணு பாக்கறேன் பொண்ணு பாக்கறேன்னு அவன் உசுர எடுத்திருப்பீங்க. வாய அடைக்க ஒரு பொய்ய எடுத்து விட்டிருக்கான். கேட்டான்மா, கேக்காம இல்ல. நூடுல்ஸ் கடையில, பாதி வாயில தொங்கிட்டிருக்கறப்பவே கேட்டான். நான் மாட்டேன்னேன். எனக்கு வேற ஒருத்தரப் புடிச்சிருந்துச்சு, அவரத்தான் கட்டியிருக்கேன். ஒரு நிமிஷம் மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. அப்புறம் என் கிண்ணத்துலேர்ந்து பொரிச்ச எறால எடுத்துத் தின்னுட்டு, போவுது போ, இதாவது குடுத்தியேன்னான். அதோட சரி. மறுநாளே சுத்திப் பாக்க வந்தவங்கள எனக்குத்தான் அனுப்பினான். எந்தக் கசப்பும் இல்ல எங்களுக்குள்ள. அவன் செத்தப்ப என்னைக் கட்டிக்கப்போறவர் தோள்லதான் சாஞ்சு அழுதேன்.

உங்களுக்கு அவன் ஒத்தப் புள்ள. ஏழாம் வருஷத் திதி. தெரியுதும்மா. நான் ஒண்ணும் கல்லு இல்ல. ஆனா எனக்கு நாலு வயசுல ஒரு பொண்ணு இருக்கா.

படம் எப்ப வரைஞ்சு முடிச்சாரு? ஜூன் மழையிலயா. அதான பாத்தேன்.

ஜூன் மழையிலேர்ந்துதான் எனக்கு ஒரு தொந்தரவு. வண்டி காலியா வரும், பின்சீட்டுலேர்ந்து யாரோ என் பேரச் சொல்லி, மிசுஹோன்னு கூப்பிடுவாங்க. திரும்பினா ஆளு இருக்காது. சாயங்காலத்துலதான் வரும். ஒருநாள் அப்படித் திரும்பி, மலை வளைவுல முன்சக்கரம் ரெண்டும் தடுப்பு மேல ஏறிடுச்சு. வீட்டுக்காரரு காது டாக்டர், தலை டாக்டர் எல்லார்கிட்டயும் இழுத்துட்டுப் போனாரு. ஒண்ணுமில்ல, தூக்கம் பத்தலன்னாங்க. எடை மட்டும் கொறஞ்சுட்டே போவுது. போன வாரம் சமைச்சிட்டிருக்கறப்ப பொண்ணு வந்து என் காலக் கட்டிக்கிட்டா. யாரோ உன்னக் கூப்பிடறாங்கம்மா, நீ போகாதேன்னா. நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல இதப் பத்தி.

காலையில படத்தப் பாத்ததும், ஓ, கூப்பிடறது கோஹெய்தானான்னு நெனச்சேன். அதான் அருவி, ஊத்துன்னு உங்கள இழுத்தடிச்சேன், கோயிலச் சாத்திரட்டும்னு. ஆனா மனசு ஒப்பல. அவன் அப்படிப்பட்டவன் இல்ல. மாட்டேன்னா மாட்டேன்தான்னு உசுரோட இருக்கறப்பவே ஒத்துக்கிட்டவன், செத்தப்புறமா வந்து பின்னால நிப்பான்? அதுவுமில்லாம, எனக்குக் கேட்டது பொம்பளக் குரல்.

வீட்டுப் பூஜை அலமாரி முன்னாடி வெச்சிருந்தீங்களா படத்த? சாயங்காலம் விளக்கேத்தி, அவனுக்குச் சோறு வெச்சுட்டு, மருமகளையும் ஒரு வார்த்தை பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க. அப்படித்தான? தலையாட்டுங்க போதும். காலையிலேர்ந்து நீங்க கேட்டதுக்கு ஒண்ணு ரெண்டு வார்த்தை வாய்க்குள்ளயே முணுமுணுத்தீங்களே ஒழிய குரல விட்டுப் பேசல. இப்ப நான் தொப்பிய எடுத்ததும், மிசுஹோன்னீங்களே. அந்தக் குரல்தாம்மா. அச்சு அசல் அதே குரல்.

அழாதீங்க. இந்தாங்க, தொடைச்சுக்கோங்க. கதவத் திறந்துட்டேன். இறங்கி மேல போகணும்னா போங்க, நான் கையப் புடிச்சுத் தடுக்கப்போறதில்ல. இல்ல ஓவியர் வீட்டுக்கு விடச் சொன்னா விடறேன், வேற மூஞ்சி போட்டுக் குடுப்பாரு. எதுவானாலும், இனிமே என்னைக் கூப்பிடாதீங்கம்மா. நீங்க கூப்பிடறது அவ்வளவு ஆசையா இருக்கு. ஒருநாள் வாய் தவறி, தோ வர்றேன் அத்தைன்னு சொல்லித் தொலைச்சிருவேன்.